தரை மட்டம் பாத்தீங்களா? ஆட்டோகிராஸுக்கு ஒரு வீல் அலைன்மென்ட் பாடம்



"லெஃப்ட்ல நீ பயந்து ஓட்டுற."

போன நவம்பர்ல எங்க ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம் மொத்தமும் சேர்ந்து டிரைவர் அக்காகிட்ட சொன்ன வார்த்தை இது. அப்போ நான் மூணாவது வருஷம், சேஸிஸ் டீம். அக்கா ஃபைனல் இயர். மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை, காலேஜ் பார்க்கிங்ல கோன் வெச்சு வட்டம் ஓட்டிப் பாத்தோம். வலது வட்டம் 5.8 செகண்ட். இடது வட்டம் 6.0 செகண்ட். அதே கார், அதே டயர், அதே ஆரம். திரும்பத் திரும்ப ஓட்டியும் அதே வித்தியாசம்.

அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ஸ்டியரிங்கைத் திருப்புறேன், முன்பக்கம் நேரா போகுதுடா." யாரும் காதுல வாங்கல. ஏன்னா கார்னர் வெயிட் எங்க ஷீட்ல சரியா 50 சதவீதம்னு இருந்துச்சு. நம்பர் சரியா இருக்கு, அப்போ தப்பு ஆள் மேலதான்னு முடிவு பண்ணி, டிரைவரை மாத்தலாமான்னு பேச ஆரம்பிச்சிட்டோம்.

தப்பு ஆள் மேல இல்ல. ஷெட் தரை மேல. அதைக் கண்டுபிடிச்ச கதையோட சேர்த்து, ஆட்டோகிராஸுக்கு ஒரு லேசான காரை எப்படி செட் பண்றதுன்னு எழுதறேன். இந்த வருஷம் டீம்ல சேரப்போற ஜூனியர்ஸ் இதைப் பிரிண்ட் எடுத்து ஷெட் சுவத்துல ஒட்டிக்கோங்க.

ஆட்டோகிராஸ்னா என்ன?

நம்ம பக்கத்துக்கு ரேஸ் புதுசு இல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப்போர் காலத்து சோழவரம் விமானத் தளத்துல பல வருஷம் ரேஸ் நடந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. ஐயப்பன்தாங்கல்ல இருந்து பூந்தமல்லி தாண்டி அதே ரோட்டுல போனா அதுதான். மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி நடக்கறது கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேயில. மாருதி இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் கட்டின எஸ். கரிவர்தன் நினைவா வெச்ச பேரு அது.

ஆட்டோகிராஸ்ல நேருக்கு நேர் முந்துற வேலை இல்ல. கோன் வெச்ச பாதை, ஒரு நேரத்துல ஒரு கார், கடிகாரம்தான் எதிரி. ஃபார்முலா ஸ்டூடன்ட் ஜெர்மனி விதிப்புத்தகத்தைப் பாருங்க: நேர்ப்பாதை 80 மீட்டருக்கு மேல கிடையாது. ஹேர்பின் வளைவோட வெளிவிட்டம் குறைஞ்சது 9 மீட்டர்தான். ஸ்லாலம் கோன்களுக்கு நடுவுல 7.5-ல இருந்து 12 மீட்டர். ஒரு கோனைத் தட்டினா 2 செகண்ட் தண்டம். அந்த 2 செகண்டை இன்ஜின் பவரை ஏத்தி எடுக்கறதுன்னா ஸ்பான்சர் காசு மொத்தமும் கரையணும். கார் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பினா, கோனே சாயாது. அதனாலதான் பவருக்கு முன்னாடி அலைன்மென்ட்.

முதல்ல சக்கரம்

வீல் எடையை ஏன் குறைக்கணும்? சக்கரம் ரெண்டு வேலை செய்யுது: காரோட சேர்ந்து முன்னாடி ஓடுது, தானும் சுத்துது. டயர் ஓரத்துல இருக்கற 1 கிலோ, வேகம் எடுக்கறப்ப கிட்டத்தட்ட 2 கிலோ மாதிரி இழுக்கும். அது ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற எடைங்கறதால, மேடு பள்ளத்துல டயரைத் தரையோட ஒட்டி வெக்கறதும் கஷ்டம்.

அதனால நிறைய டீம் 13 இன்ச் ரிம்மை விட்டு 10 இன்ச்சுக்கு வந்தாங்க. லேசு, சின்னது. ஆனா சும்மா கிடைக்காது. ரிம் உள்ளே பிரேக் டிஸ்க், காலிப்பர், அப்ரைட் எல்லாத்தையும் அடக்கணும். இடம் பத்தாம சஸ்பென்ஷன் பாயின்ட்டை எங்கயோ தள்ளி வெச்சா, ரிம்முல மிச்சம் பிடிச்சது ஜியாமெட்ரியில போயிடும். சீனியர் வாங்கிட்டாங்கன்னு வாங்காதீங்க. கேட்ல உள்ளே எல்லாம் உக்காருதான்னு பாத்துட்டு வாங்குங்க.

வளைவுல என்ன நடக்குது?

ஒரு கணக்கு போடுவோம். டிரைவரோட சேர்த்து 300 கிலோ கார். ஈர்ப்பு மையம் தரையில இருந்து 0.28 மீட்டர் உயரம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவுல 1.2 மீட்டர். 1.2 ஜி வளைவுல பக்கவாட்டுல மாறுற எடை: 300 × 1.2 × 0.28 ÷ 1.2. அதாவது 84 கிலோ. நிக்கறப்ப ஒவ்வொரு பக்கமும் 150 கிலோ. வளைவுல வெளிப்பக்கம் 234, உள்பக்கம் வெறும் 66. வேலை பாக்கறது வெளிப்பக்க டயர்தான். அந்த டயர் தரையில முழுசாப் படியணும். கேம்பர், காஸ்டர், டோ எல்லாமே அதுக்குத்தான்.

கேம்பர்: சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சா நெகட்டிவ். வளைவுல பாடி வெளிப்பக்கம் சாயும், டயரும் கூடவே வெளியே சாயப் பாக்கும். முன்கூட்டியே உள்ளே சாய்ச்சு வெச்சா, வளைவுல நிமிர்ந்து முழு அகலமும் தரையில உக்காரும். அளவுக்கு மீறினா நேர்ப்பாதையில உள் ஓரம் மட்டும்தான் படியும், பிரேக் பிடிக்காது.

காஸ்டர்: ஸ்டியரிங் திரும்பற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற அளவு. இது இருந்தா, திருப்பத் திருப்ப வெளிப்பக்கச் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் கூடும். ஹேர்பின்ல நல்ல உதவி. விலை என்னன்னா, ஸ்டியரிங் கனக்கும்.

டோ: மேல இருந்து பாக்கறப்ப முன்சக்கரம் ரெண்டும் மூக்கை வெளியே நீட்டினா டோ அவுட், உள்ளே பாத்தா டோ இன். முன்னாடி கொஞ்சம் டோ அவுட் இருந்தா, ஸ்டியரிங்கை லேசாத் தொட்டதுமே உள்பக்கச் சக்கரம் வளைவைப் பாத்திருக்கும், கார் சட்டுனு திரும்பும். நேர்ப்பாதையில கொஞ்சம் அலையும். 80 மீட்டர்ல அது பெரிய நஷ்டம் இல்ல. பின்னாடி மட்டும் டோ அவுட் வேண்டவே வேண்டாம். பிரேக்ல வாலை ஆட்டிடும்.

அக்கர்மேன்: 1.55 மீட்டர் வீல்பேஸ் கார், பின் ஆக்ஸில் நடுப்புள்ளி 3.5 மீட்டர் ஆரத்துல திரும்பினா, உள்சக்கரம் சுமார் 28 டிகிரி திரும்பணும், வெளிச்சக்கரம் 21 டிகிரி. 7 டிகிரி வித்தியாசம். ஹைவே காருக்கு இது பார்க்கிங்ல மட்டும்தான் தேவை. நமக்கு ஒவ்வொரு ஹேர்பின்லயும்.

ஆரம்பிக்க சில நம்பர். முன் கேம்பர் நெகட்டிவ் 2-ல இருந்து 2.5 டிகிரி. பின் கேம்பர் நெகட்டிவ் 1-ல இருந்து 1.5. காஸ்டர் 4-ல இருந்து 6. முன்னாடி ரெண்டு சக்கரமும் சேர்த்து 1-ல இருந்து 3 மி.மீ. டோ அவுட். பின்னாடி 0-ல இருந்து 2 மி.மீ. டோ இன். இது தொடக்கம்தான். உங்க டயரும் உங்க ஜியாமெட்ரியும் வேற நம்பர் கேக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இதை அப்பா கார்ல போட்டுப் பாக்காதீங்க. மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டுல தினமும் போய் வர்ற காருக்கு டோ அவுட் வெச்சா, கொஞ்ச நாள்ல டயர் ஓரம் தேஞ்சு, வீட்டுல உங்களுக்கும் அலைன்மென்ட் நடக்கும்.

கடையில ஏன் முடியல?

நாங்களும் முதல்ல காரை ஏத்திக்கிட்டு பக்கத்துல ஒரு டயர் கடைக்குத்தான் போனோம். மெஷின் கிளாம்ப் 10 இன்ச் ரிம்முல நிக்கல. கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டரைப் பாத்தாரு, காரைப் பாத்தாரு. "தம்பி, இந்த வண்டிக்கு டேட்டாவே இல்லையே, எந்த கம்பெனி?" "நாங்கதான் அண்ணா கம்பெனி." சிரிச்சிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. டேட்டா நாமளே எழுதினாத்தான் உண்டுன்னு அன்னைக்குப் புரிஞ்சது. அதனால ஷெட்லயே நூல் கட்டி அளந்தோம். பாத்ரூம் எடை மெஷின் நாலு வாங்கினோம். 300 கிலோ காருக்கு ஒரு சக்கரத்துல 75 கிலோதான் வரும், அதுவே போதும். வாங்கினதும் நாலுலயும் ஒரே ஆள் ஏறி நின்னு, ஒரே நம்பர் காட்டுதான்னு பாத்துக்கோங்க.

மேஸ்திரி கேட்ட கேள்வி

டிரைவரை மாத்தற பேச்சு ஓடிட்டு இருந்த அதே வாரம், ஷெட்டுக்குப் பின்னாடி காம்பவுண்ட் சுவர் வேலை நடந்துச்சு. கேம்பர் பாக்க எங்ககிட்ட தூக்குக்குண்டு இல்ல. மேஸ்திரிகிட்ட கேட்டேன். குடுத்தவரு பின்னாடியே வந்து வேடிக்கை பாத்தாரு. எடை மெஷின் மேல கார் நிக்குது, நான் குண்டைத் தொங்கவிட்டு ஸ்கேல் பிடிக்கறேன். அவரு கேட்டாரு:

"தரை மட்டம் பாத்தியாப்பா? அதைப் பாக்காம எதை வெச்சு நேர்னு சொல்ற?"

தரை சிமென்ட் தரைதானே, நேராத்தான் இருக்கும்னு சொன்னேன். அவரு போய் டியூப் மட்டத்தை எடுத்துட்டு வந்தாரு. தண்ணி நிரப்பின டிரான்ஸ்பரன்ட் டியூப், அவ்வளவுதான். ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும். தாங்கல்னா ஏரி. ஏரிப் பேரையே ஊருக்கு வெச்சிருக்கோம், தண்ணி மட்டம் காட்டும்ங்கறது மட்டும் நமக்குத் தோணல.

நாலு சக்கரம் நிக்கற இடத்தையும் பாத்தோம். மூணு இடம் ஒரே மட்டம். வலது முன்சக்கரம் நிக்கற இடம் மட்டும் 8 மி.மீ. பள்ளம்.

8 மி.மீ. என்ன பண்ணிடும்னு கேக்கலாம். எங்க கார்ல ஒரு சக்கரத்தை 1 மி.மீ. அமுக்க சுமார் 2 கிலோ வேணும். ஒரு மூலை மட்டும் இறங்கினா, அந்த இறக்கத்துல நாலுல ஒரு பங்கு காரோட முறுக்கலாப் போகும்: 2 மி.மீ., அதாவது ஒவ்வொரு சக்கரத்துலயும் 4 கிலோ மாறும். வலது முன், இடது பின் ரெண்டும் 4 கிலோ குறைச்சுக் காட்டும். மத்த ரெண்டும் 4 கிலோ கூடக் காட்டும். நாங்க என்ன பண்ணோம்? குறைச்சுக் காட்டினதை நம்பி, ஸ்பிரிங்கைத் திருகி வலது முன்னாடி எடையை ஏத்தி 50-க்குக் கொண்டு வந்தோம். ஷெட்ல 50. நேரான தரையில இறக்கினதும், 150 இருக்க வேண்டிய அந்த மூலைவிட்டத்துல 158 கிலோ, கிட்டத்தட்ட 52.7 சதவீதம்.

வலது முன், இடது பின் மூலைவிட்டம் கனத்தா, இடது வளைவுல வெளிப்பக்க முன் டயர் மேல பாரம் அதிகமா விழும், கார் முன்பக்கம் தள்ளும். வலது வளைவுல நேர் எதிரா, நல்லாத் திரும்பற மாதிரி இருக்கும். அக்கா சொன்னது அப்படியே இதுதான். "ஸ்டியரிங்கைத் திருப்புறேன், முன்பக்கம் நேரா போகுது."

தப்பே இல்லாத ஒருத்தரை, தப்பான தரையில எடுத்த ஒரு நம்பரை வெச்சுக் குத்தவாளி ஆக்கியிருக்கோம்.

அளக்கற வரிசை

இதுக்கு அப்புறம் நாங்க ஒரு வரிசை வெச்சோம். இதை மாத்தாதீங்க. ஒவ்வொண்ணும் அடுத்ததைப் பாதிக்கும்.

1. தரை. டியூப் மட்டத்தால நாலு புள்ளியும் பாருங்க. பள்ளமான இடத்துல தகடு வெச்சு ஏத்துங்க. இடங்களைப் பெயின்ட்ல குறிச்சு வெச்சா, அடுத்த முறை நேரம் மிச்சம். தரை மொத்தமா ஒரு பக்கம் 8 மி.மீ. சரிஞ்சிருந்தாலும் விடாதீங்க. 1200 மி.மீ. அகலத்துக்கு அது 0.38 டிகிரி. தூக்குக்குண்டு வெச்சு எடுக்கற கேம்பர்ல ஒரு பக்கம் அவ்வளவு கூடும், மறுபக்கம் குறையும்.

2. காரோட நிலை. ரேஸ்ல எப்படி ஓடுமோ அப்படி: பெட்ரோல், டயர் காத்து, சீட்ல டிரைவர். டிரைவர் இல்லைன்னா அவங்க எடைக்குச் சமமா மணல் மூட்டை. பேரிங், பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ஆடற சக்கரத்துக்கு அளவே கிடையாது. ஆன்டி ரோல் பாரைக் கழட்டி விடுங்க.

3. உயரம், பிறகு கார்னர் வெயிட். ஒரு மூலையில ஸ்பிரிங் இருக்கையைத் திருகி ஏத்தினா, அந்த மூலையும் அதுக்குக் குறுக்கே இருக்கற மூலையும் கனக்கும். முன் பின் மொத்தமோ, இடது வலது மொத்தமோ ஸ்பிரிங்கால மாறாது. அதுக்குப் பேட்டரி மாதிரி சாமானைத்தான் நகத்தணும்.

4. காஸ்டர், பிறகு கேம்பர். தூக்குக்குண்டு நூலைச் சக்கரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, ரிம் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் தூரம் எடுங்க. 254 மி.மீ. இடைவெளியில எடுத்தா, 4.4 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. மேல தூரம் அதிகம்னா நெகட்டிவ்.

5. கடைசியா டோ. கேம்பரை மாத்தினா டோ மாறும், அதான் கடைசி. ஸ்டியரிங்கை நடுவுல கட்டி வெச்சு, காரோட ரெண்டு பக்கமும் ஹப் உயரத்துல நூல் கட்டுங்க. முன் ஹப்புல இருந்து நூலுக்கு இடது வலது ரெண்டும் ஒரே தூரம், பின் ஹப்புக்கும் அப்படியே. இப்போ நூல் காரோட மையக்கோட்டுக்கு இணையா இருக்கும். ரிம்மோட முன் ஓரம், பின் ஓரம் ரெண்டுல இருந்தும் நூலுக்கு அளங்க. முன் ஓரம் நூலை விட்டுத் தள்ளி இருந்தா டோ இன், நெருங்கி இருந்தா டோ அவுட். 10 இன்ச் ரிம்முல 1 மி.மீ. சுமார் 0.23 டிகிரி.

ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் காரை முன்னும் பின்னும் உருட்டி, மேல நாலு முறை அமுக்கி விட்டுட்டு அளங்க. டயர் தரையில பிடிச்சுக்கிட்டு பொய் சொல்லும். முடிச்சதும் டை ராட் லாக் நட்டை இறுக்கி, பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க. கோடு விலகியிருந்தா நட்டு சுத்தியிருக்குன்னு தூரத்துல இருந்தே தெரியும்.

டயர்தான் கடைசி தீர்ப்பு

லேசான ஸ்லிக் டயருக்கு 10-ல இருந்து 14 பிஎஸ்ஐ போதும். ரோடு கார் மாதிரி 32 அடிச்சா நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும். காத்து சூட்டுல விரியும்ங்கறதையும் மறக்காதீங்க: காலையில 20 டிகிரியில 12 பிஎஸ்ஐ வெச்ச டயர், மதியம் 32 டிகிரியில ஓடாமலே 13 தாண்டிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு சூட்டுல அடிச்சோம்னு எழுதுங்க.

ஓட்டி நிறுத்தின உடனே டயரோட உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூணு இடத்துலயும் சூடு பாருங்க. நடு மட்டும் சூடுன்னா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் சூடுன்னா காத்து குறைவு. வெளி ஓரம் சூடுன்னா நெகட்டிவ் கேம்பர் பத்தல. உள் ஓரம் கொஞ்சம் கூட இருந்தா கவலை வேண்டாம், ரொம்பக் கூடினா கேம்பர் அதிகம். தெர்மாமீட்டர் இல்லையா? டயர் தோள்ல சாக்பீஸ்ல குறுக்கே ஒரு கோடு போட்டு ஓட்டுங்க. எவ்வளவு தூரம் அழியுதோ, அவ்வளவு தூரம் டயர் புரளுது.

கார் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியான்னு பாக்க ஸ்கிட்பேட் மாதிரி பரிசோதனை கிடையாது. உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம், பாதை 3 மீட்டர் அகலம். நடுவுல போனா ஆரம் 9.125 மீட்டர். 39.5-ஐ ஆரத்தால பெருக்கி, நேரத்தோட வர்க்கத்தால வகுத்தா பக்கவாட்டு முடுக்கம். 6.0 செகண்ட்னா சுமார் 10, அதாவது 1.02 ஜி. 5.8 செகண்ட்னா 1.09 ஜி. ரெண்டு பக்கமும் வித்தியாசம் வந்தா, டிரைவரைப் பாக்கறதுக்கு முன்னாடி ஷெட்டைப் பாருங்க.

ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்திட்டு நேரம் குறைஞ்சா, எதுக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாது.

அப்புறம்?

தகடு வெச்சு தரையை மட்டம் பண்ணி, கார்னர் வெயிட்டை மறுபடி எடுத்தோம். கேம்பர், டோ எதையும் தொடல. அடுத்த ஞாயிறு அதே பார்க்கிங், அதே கோன். இடது 5.85, வலது 5.85. வலது பக்கம் முன்ன விட ஒரு துளி மெதுவா ஆச்சு. அதுவும் சரிதான், அந்தப் பக்கம் அதுவரைக்கும் வாங்கிட்டு இருந்தது இரவல் வேகம்.

அக்கா ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "இப்போ வண்டி சொன்னபடி கேக்குது"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு சாயங்காலம் டிப்போ பக்கத்து டீக்கடையில டீம் லீட் எல்லாரு முன்னாடியும் சாரி சொன்னான். நானும் சொன்னேன். ஜனவரியில கோயம்புத்தூர்ல ஆட்டோகிராஸ் ஓட்டினது அவங்கதான். ஒரு கோன்கூட சாயல.

எங்க செட்டப் ஷீட்ல இப்போ முதல் வரி கேம்பரும் இல்ல, டோவும் இல்ல. "தரை மட்டம் பாத்தது யார்? தேதி?" அதுக்கு அடுத்த வரி: "டிரைவர் என்ன சொன்னாங்க?" அவங்க வார்த்தையை அப்படியே எழுதணும். இந்த ரெண்டு கட்டமும் காலியா இருந்தா, மத்த நம்பரை யாரும் படிக்கறதில்ல.

டியூப் மட்டம் ஷெட்ல ஆணியில தொங்குது. எடுத்தா, திரும்ப அங்கேயே மாட்டுங்க மக்களே.